கவாத்துக் கத்தியில் மாட்டிய ரேடியோ

கையடக்க ரேடியோ ஸ்கேனர் ஒன்றை ஜீப்பில் பொருத்துவதற்குப் பத்துத் தப்பான வழிகள் உண்டு என்றும், தவசிக்கனி அவற்றில் ஒன்பதைச் செய்து முடித்துப் பத்தாவதில் இறங்கியபோதுதான் யானைகள் பேசத் தொடங்கின என்றும் குடைக்கல் எஸ்டேட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். ஒன்பது அல்ல, நான்குதான் என்று யாராவது திருத்தப் போனால் கோபித்துக்கொள்வார்கள். கதையில் எண்ணிக்கையைக் குறைக்கிறவன் தராசில் கொழுந்தின் எடையைக் குறைக்கிறவனைவிட மோசமானவன் என்பது தேயிலை கிள்ளுகிற ஜனங்கள் நெடுநாள் அனுபவத்தில் எடுத்த தீர்மானம்.

தவசிக்கனிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மலையில் ஏறுகிற பஸ் தேயிலைத் தொழிற்சாலை வாசலோடு திரும்பிவிடும். அதற்கு மேல் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மூன்றாம் டிவிஷன் பாடிக்குப் போக அவளுடைய ஜீப்பை விட்டால் வேறு கதி கிடையாது. பாடி என்பது எதிரெதிரே இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்தொன்பது வீடு, நடுவே ஒரு சந்து, சந்தின் கோடியில் ஒரு குழாய். கேஸ் சிலிண்டரும், பிரசவ வலியும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும், கல்லறைக்குப் போகிற பெரியவர்களும் அந்த ஜீப்பில்தான் ஏறினார்கள், பெரும்பாலோர் அதிலேயே திரும்பியும் வந்தார்கள். கனி பிறந்தது பதினேழாம் நம்பர் வீட்டில், வாக்கப்பட்டது பதினெட்டாம் நம்பர் வீட்டுக்கு. "சீர்வரிசையைச் சுவத்து ஓட்டை வழியா நீட்டினாங்க, பந்தல் செலவு மிச்சம்" என்று புதிதாக ஏறுகிறவர்களிடம் மூன்றாம் வளைவுக்குள் சொல்லிவிடுவாள்.

அந்தப் பாடியைத்தான் காலி செய்யச் சொல்லி ஆடி மாதம் நோட்டீஸ் ஒட்டினார்கள். விஷயம் இது: இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி, பாடிக்குக் கீழே இருக்கிற சதுப்பைச் சுற்றி மரக்கம்பம் நட்டு மின்வேலி போட்டது, அங்கே பணக்காரர்கள் வந்து மூடுபனி பார்க்க விடுதி கட்டப்போவதாகப் பேச்சு. அந்தச் சதுப்பு வழியாகத்தான் யானைக்கூட்டம் காலங்காலமாக ஆற்றுக்கு இறங்கும். வழி அடைபட்டதும் அவை, வேறு வழி தெரிந்த யாரும் செய்வதைப் போல, பாடியின் சந்து வழியாக இறங்க ஆரம்பித்தன. இரண்டு சமையல்கட்டும் பால்வாடியின் ஒரு சுவரும் சரிந்தன. கம்பெனியின் நோட்டீஸ், 'யானை அபாயத்தை முன்னிட்டும், தொழிலாளர்களின் உயிர்மீது நிர்வாகம் கொண்டுள்ள அக்கறையினாலும்', முப்பத்தெட்டுக் குடும்பங்களும் ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வெளியேறி, மலைக்குக் கீழே போட்டிருக்கும் தகரக் கொட்டகைகளுக்குப் போய்விட வேண்டும் என்றது. அக்கறை என்ற சொல் அந்தக் கம்பெனியின் தாளில் அச்சேறியது அதுவே முதல் தடவை. கண்டதும் ஜனங்கள் நோட்டீசை அடியிலிருந்து தலைவரை இன்னொரு தடவை படித்தார்கள்.

"பாடி போனா எனக்கு வீடும் போச்சு, வண்டியும் போச்சு" என்றாள் கனி. "யாரை எங்கே ஏத்தி எங்கே இறக்க? மூடுபனியை ஏத்தவா?"

ஸ்கேனர் வந்தது அந்த ஆடியில்தான். தவளை ஆராய்ச்சிக்காக வந்து மூன்று மாதம் அவள் ஜீப்பில் சுற்றிய ஒரு பெண்மணி, ஊருக்குப் போகும்போது அதைக் கனியின் கையில் வைத்து, "செல்போன் எடுக்காத வளைவுகளில் இது எடுக்கும், அக்கா. மழை எச்சரிக்கை, மண்சரிவு எல்லாம் கேட்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காற்றில் போகிற பேச்சுகளை ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவித் தாவித் தேடி, எங்கே குரல் அகப்படுகிறதோ அங்கே நிற்கிற கருவி. அது கேட்கும், பேசாது. நல்ல பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கணத்தில் பாதி.

"ஸ்கேன் மெஷினா? இதுல எந்த உறுப்பைப் பார்ப்பாங்க?" என்றாள் பதினாறாம் நம்பர் பவுனம்மா. கொழுந்து கிள்ளுவதில் எஸ்டேட்டிலேயே வேகமான கை, அதைவிட வேகமான வாய்.

"வானத்தோட வயித்தை."

"பாரு, பாரு. என்ன குழந்தைன்னு மட்டும் சொல்லிடாத, கேஸ் போடுவாங்க."

முதலில் கனி அதை டேஷ்போர்டின் மேல் நிற்க வைத்து ரப்பர் பேண்டு போட்டாள். மூன்றாம் வளைவில் அது நழுவிப் பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, ஜீப்பில் இருந்த ஒன்பது பேரும் ஓர் ஆடும் தத்தம் தெய்வங்களைக் கூப்பிட்டார்கள். பிறகு கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர்க் கிண்ணி ஒன்றை வாங்கினாள். மலைப்பனியில் அது நேரத்துக்கொரு தடவை கையை விட்டது. அப்புறம் உள்கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டாள்; அது ஆடி ஆடி, பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்த மாதாவையும் மாரியம்மனையும் மாறி மாறி மறைத்ததால் இரண்டு தரப்பிலும் புகார் வந்தது. நான்காவதாக மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் புருஷன் மாசிலாமணி வாயைத் திறந்தான்.

"நான் பண்ணித் தரேன், இரு."

மாசிலாமணி முப்பது வருஷமாகக் கவாத்துக்காரன். தேயிலைச் செடியைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். ஆகவே நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள், அதுதான் கவாத்து. அப்படி வெட்டும்போது ஒரே ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டினால் செடி மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒன்றை விட்டால் அந்த ஒன்றின் மூச்சில் மற்றதெல்லாம் திரும்பத் துளிர்க்கும். முப்பது வருஷம் இதைச் செய்த கைக்கு எதையும் முழுசாக வெட்ட வராது. மாசிலாமணி தட்டில் ஒரு வாய் சோறு மிச்சம் வைப்பான், மீசையில் ஒரு முடி நீட்டிக்கொண்டு நிற்கும், சண்டையில்கூடக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டுவிடுவான். கடைசிப் பழக்கம் கனிக்கு வசதியாக இருந்தது.

அவன் இரண்டு நாள் அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வந்தான். பாதையிலிருந்து அவள் கண் எவ்வளவு தூரம் விலகலாம், கியரிலிருந்து கை எங்கே தானாகப் போய் விழுகிறது, வளைவில் முழங்கால் எங்கே இடிக்கிறது என்று பார்த்தான். பிறகு, தேய்ந்து உதவாமல் போன தன் கவாத்துக் கத்தியை எஸ்டேட் பட்டறையில் காய்ச்சி வளைத்து ஒரு கொக்கி செய்தான். ஸ்டியரிங்குக்கு இடதுபுறம், டேஷ்போர்டின் இரும்புக் கம்பியில் இரண்டு போல்ட் போட்டு முடுக்கினான். கருவி அதிராமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே ஒட்டினான். பொத்தான்கள் நசுங்காமல் இடம் விட்டான். கரண்டை நேராகப் பேட்டரியிலிருந்து இழுத்தான், வேறெங்கிருந்து எடுத்தாலும் இன்ஜினின் இரைச்சல் கூடவே வரும் என்பதால். ஏரியலைக் கூரையில் நிறுத்தினான். பெயிண்டைச் சுரண்டி, இரும்பும் இரும்பும் நேராகத் தொடும்படி. இதெல்லாம் எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடியது. ஆனால் கொக்கியின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு, எதையும் தாங்காமல் எதையும் தொடாமல் ஒரு கொம்பு வெறுமனே நீட்டிக்கொண்டு நின்றது.

"இது எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

"ஒயர் சுத்தவா?"

"இல்ல."

"அப்புறம்?"

"மூச்சு விட" என்றான் மாசிலாமணி.

மறுநாள் மாலை நாலரை மணிக்குப் பதினொன்றாம் வளைவில், வெற்றிலைச் சாறு ததும்பும் வாயிலிருந்து வருவது போன்ற கனத்த பெண்குரல் ஒன்று ஸ்கேனரில் நின்றது: "பதினாறு பேர் இருக்கோம். கால் வலிக்காரியை நடுவுல விடுங்க. வெயில் தாழ அந்தச் சந்து வழியாத்தான் இறங்கணும். எனக்கொண்ணும் அந்தச் சந்து பிடிச்சுக் கிடக்கல. கம்பிக்காரன் கம்பி போட்ட பிறகு வேற வழி ஏது? டேய், துதிக்கையை வாய்க்குள்ள வச்சுக்கிட்டுப் பேசாதே."

கனி வண்டியை ஓரங்கட்டினாள். பின்னால் திரும்பி, "யானைங்க பேசுது" என்றாள்.

"எத்தனை மணிக்காம்?" என்றாள் பவுனம்மா.

"வெயில் தாழவாம்."

"அப்போ சீக்கிரம் போடி, அடுப்புல பருப்பு கிடக்கு."

யானைகள் பேசியது தமிழா, அல்லது அவற்றின் சொந்தப் பேச்சு அந்தக் கொம்பில் பட்டுத் தமிழாக விழுந்ததா என்ற கேள்வியைக் கிளப்பியவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். பாடிக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. அதே மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவை வேறு எந்தப் பாஷையில் பேசும்? தமிழில் யானைக்குக் களிறு, பிடி, வேழம், கரி, கயம் என்று பேர்கள் அடுக்கடுக்காக உண்டு. அவற்றை நிகண்டு நிகண்டாக மனப்பாடம் செய்த புலவர்களில் ஒருவராவது யானைகள் நமக்கு என்ன பேர் வைத்திருக்கின்றன என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் டிவிஷன் பாடி அதைத்தான் முதலில் விசாரித்தது.

பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பவுனம்மா, 'அடுப்பை அணைக்காதவ'. அவள் ஒரு வாரம் யானைகளோடு பேச்சை முறித்துக்கொண்டாள்; யானைகள் கவனித்ததாகத் தெரியவில்லை. மாசிலாமணி, 'கிளையை விடுறவன்'. ரேஷன் கடை சாத்தப்பன், 'நல்ல அரிசியைப் பின்னாடி வைக்கிறவன்'. இதை ஜீப்பில் பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டதால் மறுநாளிலிருந்து நல்ல அரிசி தானாகவே முன்னால் வந்துவிட்டது. பெண் கேட்டு வந்த பக்கத்து எஸ்டேட் மாப்பிள்ளை ஒருவனைப் பற்றி யானைகள், 'ஒரே வாழைத்தோப்பை ரெண்டு பொண்ணுங்களுக்குக் காட்டினவன்' என்று சொல்லப்போக, நிச்சயதார்த்தம் நின்றது, பெண்ணின் தாய் குழாயடியில் ஒரு படி உப்பை நன்றியோடு வைத்தாள். எஸ்டேட் மேனேஜருக்குக் 'கம்பிக்காரன்' என்று பேர். தவசிக்கனிக்கு மட்டும் பேரே வரவில்லை. அவள் மெனக்கெட்டு வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம்கூடக் காதைக் கொடுத்துப் பார்த்தாள்.

"உன்னையும் வண்டியையும் ஒண்ணுன்னு நினைச்சிருக்கும்" என்றான் மாசிலாமணி.

"பத்து வருஷமா ஹாரன் அடிச்சு வழி கேட்டு, வழி விட்டு, அதுங்க முன்னாடி ரிவர்ஸ்லயே மூணு வளைவு போயிருக்கேன். ஒரு பேருக்கு வக்கில்லாமப் போச்சா எனக்கு?"

மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை, நடக்கப்போகிற கல்யாணங்களின் ஓலையை வாசித்து முடித்ததும் பாதிரியார் அதே குரலில் யானைகளின் வாராந்திர நடமாட்டத்தையும் வாசித்தார். ஆட்சேபனை உண்டானால் தெரிவிக்கும்படி பழக்கதோஷத்தில் கேட்டும்விட்டார். மாரியம்மன் கோவில் மைக்கில் மாலை நாலு மணிக்கு, "பதினாறு பேர், ஐந்தே முக்கால்" என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் தேதிக்குக் கீழே வருகை, அதற்குக் கீழே யானை என்று எழுதினார்கள். ஐந்தே முக்காலுக்குப் பாடி முழுக்க அடுப்பை அணைத்து, கதவைச் சாத்தி, நாயைக் கட்டி, கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடும். கூட்டம் சந்தில் இறங்கும். ஆறு மணிக்கு அடுப்புகள் மறுபடி எரியும். ஒரு மாதத்தில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

இது மேனேஜருக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலமாகியும் மேனேஜரைத் தொரை என்றுதான் எஸ்டேட்டில் கூப்பிடுவார்கள். அந்தத் தொரை பிரசன்னகுமார், பாடிக்கு நேரில் வந்து கூட்டம் போட்டார். அபாயம் அபாயம் என்று அவர் மூன்று தடவை சொன்ன பிறகு கனி எழுந்தாள்.

"தொரை, அதுங்க சந்துல வர ஆசைப்படல. நீங்க சதுப்புல வேலி போட்டதாலதான் வருதுங்க. வேலியை எடுத்துட்டா அபாயமும் போச்சு, நோட்டீசும் போச்சு."

"யார் சொன்னது?"

"யானைதான்."

"ஓ. யானை சொல்லிச்சா? எழுதிக் கொடுக்குமா?"

"எழுதத் தெரியாது தொரை. கைநாட்டு வைக்கும். நீங்க தாளைக் கொஞ்சம் பெருசா கொண்டாங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் தொரையின் காது சிவந்தது. சிரிப்பை மன்னிக்கிற மேனேஜர்களும் உலகத்தில் இருக்கக்கூடும்.

குறித்த வெள்ளிக்கு முந்தைய புதன்கிழமை, வயர்லெஸ் விவகாரங்களைப் பார்க்கிற ஆபீசிலிருந்து ஓர் அதிகாரியைத் தொரை அழைத்து வந்தார். தடித்த கண்ணாடி, சாதுவான முகம், சட்டத்தின் மேல் உண்மையான பக்தி. லைசென்ஸ் இல்லாமல் காற்றில் போகிற பேச்சை ஒட்டுக்கேட்பது குற்றம் என்றார் அவர்.

"யானை புகார் கொடுத்துச்சா சார்?" என்றாள் கனி.

"அது தேவையில்லம்மா."

அவர் ஸ்கேனரைக் கொக்கியிலிருந்து எடுத்து, ஏரியலைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ரசீதில் வரிசையாக எழுதினார்.

"அந்தக் கொக்கியையும் கழட்டுங்க" என்றார் தொரை.

"கொக்கி வண்டியோடது" என்றாள் கனி. "போல்ட் போட்டு இறுக்கினது. வண்டியில கை வைக்கணும்னா வேற ஆபீஸ், வேற ஆபீசர், வேற ரசீது. என்ன சார், நான் சொல்றது சரிதானே?"

அதிகாரி யோசித்தார். வண்டியின் பாகம் தன் துறைக்குள் வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இன்னொரு துறையின் எல்லையில் ஒரு போல்ட் அளவுகூட நுழையாதவர் அவர். கொக்கியை விட்டுவிட்டார். போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அம்மா, என்னைப் பத்தி ஏதாவது... பேர் கீர்..." என்று இழுத்தார்.

"இப்பத்தானே வந்திருக்கீங்க. ரெண்டு நாள் ஆகும் சார்."

கீழே போகிற வழியில் அதிகாரி ஸ்கேனரைத் தம் வண்டியில் காந்தம் வைத்து நிறுத்திக் கேட்டுப் பார்த்தார். உஸ்ஸென்ற இரைச்சலும், எங்கோ ஒரு லாரிக்காரர் இன்னொரு லாரிக்காரரிடம் பரோட்டாவைப் பற்றிச் சொன்னதும் வந்தன. அவ்வளவுதான்.

அன்று மாலை மைக்கில் அறிவிப்பு இல்லை. கூட்டம் எப்போது வரும் என்று தெரியாமல் பாடி நாலு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தது. பழைய பயம், ஒரு மாதம் லீவில் போயிருந்த பயம், திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. வியாழக்கிழமை காலையில் பத்து வீடுகளில் மூட்டை கட்டினார்கள். பவுனம்மாவும் கட்டினாள்.

"நீயுமாக்கா?"

"என்னடி பண்ணச் சொல்ற? பேரப்பிள்ளைங்க இருக்கு. கீழே மக வீட்டுக்குப் போறேன். நீ பேசாம வண்டியை வித்துட்டு கீழே ஒரு ஆட்டோ வாங்கு."

"நான் போகல."

"போகாம?"

"போகலன்னா போகல. அதுக்கு மேல யோசிக்கல" என்று சொல்லிவிட்டுக் கனி ஆத்திரத்தோடு வண்டியைக் கிளப்பினாள். பவுனம்மா மூட்டையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். பதினொன்றாம் வளைவில் கொக்கி அதிர்ந்தது. கொக்கியில்லை, கொக்கியின் ஓரத்தில் எதையும் தாங்காமல் நின்ற அந்தக் கொம்பு, தம்புராத் தந்தி போல முதலில் ரீங்கரித்தது, பிறகு வெற்றிலை வாயைத் திறந்தது.

"நாளைக்கு உச்சிக்கே இறங்கணும். கால் வலிக்காரிக்குத் தாங்கல, சதுப்புச் சேறு பூசினாத்தான் ஆறும்."

"கம்பி சுடுமே" என்றது இன்னொரு குரல்.

"காய்ஞ்ச கட்டைக்குச் சுடாது. காய்ஞ்ச கட்டையைக் கம்பி மேல தள்ளினா அது தானா படுத்துக்கும், நம்ம அம்மா அப்படித்தான் பண்ணுவா. இங்கே எங்கே இருக்கு காய்ஞ்ச கட்டை? காட்டோரம் இருந்ததையெல்லாம் பாடிக்காரங்க விறகுக்குப் பொறுக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு சுள்ளி விடல. கிளையை விடுறவன் ஒருத்தனைத் தவிர அங்கே யாருக்கும் எதையும் விடத் தெரியாது. நடங்க, சந்துதான் நமக்கு விதிச்சது."

கனி பிரேக்கை அழுத்தினாள். ஸ்கேனர் இல்லாமல் கேட்டது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. கொம்பிலிருந்து கேட்டதைப் பற்றி எல்லாருக்கும் முகம் விழுந்துவிட்டது. பாடியில் ஒவ்வொரு வீட்டு இறவாரத்திலும் மழைக்காலத்துக்கென்று அடுக்கிய விறகு ஆள் உயரம் நின்றது. கம்பெனி வேலி போட்டது உண்மை. அந்த வேலிக்குக் காவலாக நின்றது தங்கள் விறகடுக்குகள் என்பது இரண்டு வருஷமாக எவருக்கும் தோன்றவில்லை.

பவுனம்மா சொன்னாள்: "வண்டியைத் திருப்புடி."

"மகள் வீடு?"

"திருப்புடின்னா. விறகு கட்டணும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாமான் ஏற்றக் கம்பெனி லாரி வந்தது. டிரைவர் வெளியூர்க்காரர், ரத்தினவேலு என்று பேர், நல்ல மனுஷர். "ஏத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஏற்றினார்கள். கட்டில் வரும் பீரோ வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த ரத்தினவேலுவின் கண் முன்னால் கட்டுக்கட்டாக விறகு ஏறியது. சில்வர் ஓக் கிளைகள், பட்டுப்போன தேயிலை வேர்கள், அடி மரங்கள், அடைமழையில் வெந்நீருக்கும் பிரசவ அறைக்கும் சாவு வீட்டுக்கும் என்று ஒதுக்கி ஒதுக்கிச் சேர்த்தவை. அதிகம் கொண்டுவந்தவள் அடுப்பை அணைக்காதவள்.

"இதென்னம்மா, விறகா இருக்கு?"

"எங்க சாமான் அதுதாங்க" என்றாள் கனி. "என் ஜீப்பு பின்னாடியே வாங்க."

ஜீப் கீழே போகும் பாதையில் திரும்பாமல் சதுப்புப் பாதையில் இறங்கியது. லாரி பின்னால் வந்தது. லாரிக்குப் பின்னால் பாடி வந்தது, கவாத்துக்காரர்கள் பதினோரு பேர் தோளில் கத்தியோடு முன்வரிசையில். வேலியோரம் விறகை இறக்கி, கனத்த கட்டைகளாகப் பொறுக்கிக் கம்பிகளின் மேல் தள்ளினார்கள். 'நம்ம அம்மா' சொன்னபடியே கம்பி முனகிக்கொண்டு தரையில் படுத்தது. அப்புறம் கம்பங்கள். முழங்கால் உயரத்தில், சாய்வாக, ஒரே வீச்சு, பக்கத்துக் கம்பம், ஒரே வீச்சு. முப்பது வருஷமாகக் கம்பெனிக்காக வெட்டிய கைகள் தங்களுக்காக வெட்டியது அன்றுதான், ஆனாலும் வெட்டில் ஒரு சுத்தக்குறைவு கிடையாது. பதினொன்றரைக்கு வேலி முடிந்தது. நடுவில் ஒரே ஒரு கம்பம் மட்டும் நின்றது.

"அதையும் சாய்ங்க" என்றாள் கனி.

மாசிலாமணி கத்தியை ஓங்கினான், இறக்கினான். மறுபடி ஓங்கினான். "வரமாட்டேங்குது கனி" என்றான். மற்ற பத்துப் பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்கள். விட்டுவிட்டார்கள்.

இதற்காகப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. பதினோரு கவாத்துக்காரர்கள், பன்னிரண்டாவது தவசிக்கனி, பதின்மூன்றாவது ரத்தினவேலு, "சாமான்னு சொன்னாங்க, ஏத்தினேன். எங்கே இறக்கணும்னு சாமானுக்கு உடையவங்கதானே ஐயா சொல்லணும்" என்பது அவருடைய வாக்குமூலம். வாய்தாவுக்கு வாய்தா பதின்மூன்று பேரும் கனியின் ஜீப்பில் கட்டுச்சோறோடு மலையிறங்கிப் போய், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு, மாலைக்குள் பாடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த வருஷ மழைக்கு முப்பத்தெட்டு வீடும் பச்சை விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தது என்பதும் சொல்லப்பட வேண்டியதே. ஆனால் அவையெல்லாம் பிறகு.

அந்த வெள்ளிக்கிழமை உச்சிக்குச் சரியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, தொரையும், சாட்சிக்கென்று அவர் கூட்டி வந்த வயர்லெஸ் அதிகாரியும் காலியான பாடியைப் பார்வையிட வந்தார்கள். பாடி காலியாகத்தான் இருந்தது; ஆனால் கட்டிலும் பீரோவும் பேரப்பிள்ளைகளின் தொட்டிலும் அப்படியே இருந்தன. தேடிக்கொண்டு சதுப்பு மேட்டுக்கு ஓடி வந்தபோது, சரிவு முழுக்க ஜனங்கள் காட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். மேட்டின் நெற்றியில் ஜீப் நின்றது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கனி.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இது எவ்வளவு பெரிய..."

"உஸ்" என்றார் அதிகாரி. சட்டத்தின் மேல் இருந்த அதே பக்தி அப்போது அவர் முகத்தில் வேறொன்றின் மேல் இருந்தது.

பதினாறு பேர் காட்டிலிருந்து இறங்கினார்கள். பாடியின் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை. படுத்திருந்த கம்பியைக் காய்ந்த கட்டைகளின் மேல் மிதித்துத் தாண்டி, கால் வலிக்காரியை நடுவில் விட்டு, இரண்டு வருஷம் அடைத்துக் கிடந்த சேற்றில் கால் வைத்தார்கள். அதிகாரி நோட்டை எடுத்து, '12.04. குடியிருப்புப் பகுதியில் யானை நடமாட்டம் இல்லை' என்று எழுதி, பழக்கத்தால் அடிக்கோடிட்டார். தொரை எட்டிப் பார்த்தார். அந்த ஒரு வரியில் தன் நோட்டீசின் முதல் வாக்கியம் செத்துப்போனது அவருக்குப் புரிந்தது. "இது இதோட முடியாது" என்றார்.

"முடியாதுதான் தொரை" என்றாள் கனி. "நாங்க எங்கேயும் போகல, வாங்க."

அப்போது கொம்பு ரீங்கரித்தது.

"ஒரு கம்பத்தை விட்டிருக்காங்க பாரேன்."

"கிளையை விடுறவன் வேலை. இரு, முதுகைச் சொறிஞ்சுக்கறேன். ஆ. நல்லாத்தான் இருக்கு."

வெற்றிலைக் குரல் சதுப்பின் நடுவில் நின்று மேட்டைப் பார்த்தது. இனி அவர்கள் சந்து வழியாக வரப்போவதில்லை, பதினொன்றாம் வளைவின் பக்கமும் வரமாட்டார்கள், கொம்புக்கு எட்டுகிற தூரத்தில் இதுவே கடைசி என்பது கனிக்குத் தெரிந்தது. அவள் இன்ஜினை அணைத்தாள். மாசிலாமணி சரிவிலிருந்து ஏறி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"மேல வண்டியில இருக்காளே, அவ யாரு?" என்றது ஒரு இளசின் குரல்.

"அவளா? அவளுக்கு நான் பேர் வைக்கவே இல்ல. மத்தவங்க பேரெல்லாம் பார்த்த உடனே தெரிஞ்சது. இவ எதுன்னு முடிவாத் தெரியட்டும்னு இருந்தேன்."

"இப்ப?"

சேறு சளப்பென்றது. குரல் தேயத் தொடங்கியிருந்தது.

"போகாதவ" என்றது.

ரீங்காரம் நின்றது. தொரை எதுவும் கேட்டிருக்கவில்லை. அதிகாரி ஒருவேளை கேட்டிருக்கலாம், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி கொம்பைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

"ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே, உன் பேரா?" என்றான், தனக்குக் கேட்டும் கடைசி வார்த்தையை அவளுக்கு விட்டு.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, தவசிக்கனி சாவியைத் திருகி, ஹாரனை ஒரே ஒரு தடவை நீளமாக அடித்து, ஜனங்களை ஏற்றிக்கொண்டு மேலே பாடிக்கு வண்டியை விட்டாள்.